பாயிண்டு, வெங்காயம், வருமான வரி: எடையிட்ட சராசரி போடுவது எப்படி

முதல் தவணை முடிவு வந்ததும் பல பிள்ளைகள் செய்வது இதுதான்: ஆறு பாடத்தின் கிரேடு பாயிண்டையும் கூட்டி, ஆறால் வகுத்து, 3.61 என்று வீட்டு வாட்சாப் குழுவில் போட்டுவிடுவார்கள். அத்தை, மாமா எல்லாரும் வாழ்த்தி முடித்த பிறகு பல்கலைக்கழகத்தின் முடிவுத் தாளைத் திறந்தால் அங்கே 3.49 என்று இருக்கும். உடனே ‘சிஸ்டம் தப்பாப் போட்டிருக்கு’ என்று ஒரு புலம்பல்.

சிஸ்டம் சரியாகத்தான் போட்டிருக்கிறது. கூட்டலிலும் வகுத்தலிலும் பிள்ளையும் தப்பு செய்யவில்லை, நான்கு கிரெடிட் கணிதத்தையும் ஒரு கிரெடிட் புறப்பாட நடவடிக்கையையும் ஒரே தட்டில் வைத்ததில்தான் சிக்கல். கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் பல்கலைக்கழகம் கொடுக்கும் கனம். எதற்கு எவ்வளவு கனம் என்று பார்த்துப் போடுவதுதான் எடையிட்ட சராசரி. நாலாம் ஆண்டுப் பெருக்கல் தெரிந்தால் போதும், அதைத் தாண்டி இதில் கணக்கு எதுவும் இல்லை. எதை எடையாக எடுப்பது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

முதலில் கையால் ஒரு தடவை

தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில் மதிப்பு, அதாவது பாயிண்டு. இரண்டாவதில் எடை, அதாவது கிரெடிட். மூன்றாவது பத்தி இப்போதைக்குக் காலி. ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00 என்ற அளவை வைத்துக்கொள்கிறேன், மலேசியாவின் எஸ்.டி.பி.எம். என்ற உயர்நிலைப் பள்ளித் தேர்விலும் பல பல்கலைக்கழகங்களிலும் இதுதான். சில இடங்களில் 3.70, 3.30 என்று இருக்கும், உங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணிதம்: 3.00 × 4 = 12.00
நிரலாக்கம்: 3.67 × 3 = 11.01
புள்ளியியல்: 3.33 × 3 = 9.99
ஆங்கிலம்: 4.00 × 2 = 8.00
எத்திகா டான் பெராடாபான் (நெறியும் நாகரிகமும்): 3.67 × 2 = 7.34
புறப்பாட நடவடிக்கை: 4.00 × 1 = 4.00

பெருக்கி வந்ததை மூன்றாவது பத்தியில் எழுதியாயிற்று. இப்போது அந்தப் பத்தியைக் கூட்டுங்கள், 52.34 வரும். எடைப் பத்தியைக் கூட்டுங்கள், 15. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3.489, அதாவது 3.49. முடிந்தது.

பாடங்கள் ஆறு இருந்தாலும் ஆறால் வகுக்கவே இல்லை, கவனித்தீர்களா? எடையால் பெருக்கினால் எடைகளின் கூட்டுத்தொகையால்தான் வகுக்க வேண்டும். மேலே கவனமாகப் பெருக்கிவிட்டுக் கீழே பழக்கதோஷத்தில் பாடங்களின் எண்ணிக்கையால் வகுப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் இங்கே 8.72 என்று வந்து நிற்கும், நாலு பாயிண்டுக்கு மேல் போனதால் தப்பு உடனே தெரிந்துவிடும். எல்லா நேரமும் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. ஆகவே விடை வந்ததும் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். அது இருப்பதிலேயே சிறிய மதிப்புக்கும் பெரிய மதிப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும், இங்கே 3.00க்கும் 4.00க்கும் நடுவில். அப்புறம், கனம் அதிகமுள்ள மதிப்பின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நான்கு கிரெடிட் கணிதம் 3.00 வாங்கியிருக்கிறது, ஆகவே சாதாரண சராசரியான 3.61ஐ விட விடை கீழே இறங்கியதில் ஆச்சரியம் இல்லை.

எஃப் வாங்கிய பாடத்தைக் கணக்கிலிருந்து நைசாகத் தூக்கிவிடுவது இன்னொரு வழக்கமான வேலை. 0.00 × 3 = 0 என்பதால் மேலே எதுவும் கூடாது, சரி. ஆனால் அந்த மூன்று கிரெடிட் பொதுவாகக் கீழே சேர்ந்துகொள்ளும், பாயிண்டு இறங்குவது அதனால்தான். பாஸ், ஃபெயில் மட்டும் போடும் பாடத்துக்கு இது பொருந்தாது, அது மேலேயும் வராது கீழேயும் வராது.

இரண்டு தவணையைச் சேர்க்கும்போதும் இதே கதைதான். முதல் தவணையில் 15 கிரெடிட்டுக்கு 3.49, அடுத்து வந்த குறுந்தவணையில் 6 கிரெடிட்டுக்கு 4.00 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 3.745 என்று சந்தோஷப்பட வேண்டாம். பழைய 52.34ஓடு புதிய 24ஐச் சேர்த்தால் 76.34, அதை 21ஆல் வகுத்தால் 3.64தான். ஒவ்வொரு தவணையிலும் பாயிண்டை மட்டும் குறித்துவைக்காமல் இந்த மூன்றாவது பத்தியின் கூட்டுத்தொகையையும் குறித்துவைத்தால் அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. நடுவில் முழுமைப்படுத்தவும் கூடாது. 3.489ஐ 3.5 என்று எழுதிவைத்துக்கொண்டு அதிலிருந்து அடுத்த கணக்கைத் தொடங்கினால், சிறந்த மாணவர்களுக்கான டீன் பட்டியலுக்கு 3.50 என்று கோடு போட்டிருக்கும் இடத்தில் நீங்கள் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டு வெளியே நிற்பீர்கள்.

எதை எடையாக எடுப்பது

கிரெடிட் கணக்கில் எடை எது என்று யாரோ எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். வெளியே, கடையிலும் சாலையிலும், நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோலாலம்பூர் சௌக்கிட் சந்தையில் வெங்காயம் வாங்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கார அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காய விலை நிலையாக இருப்பதே இல்லை, 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்திய சமயத்தில் இங்கே இந்தியா வெங்காயத்துக்கு என்ன பாடு என்று கடை நடத்தியவர்களுக்கு நினைவிருக்கும். அக்கா ஒரு வாரத்தில் மூன்று முறை வாங்கியிருக்கிறார். கிலோ 3.20 வெள்ளிக்கு (ரிங்கிட்) 10 கிலோ. நடுவில் தீர்ந்துபோனதால் பக்கத்து மளிகைக் கடையில் 4.50க்கு 4 கிலோ. அப்புறம் மொத்தக் கடையில் மூட்டையாக, 2.80க்கு 25 கிலோ. மூன்று ரசீதும் கல்லாப்பெட்டிக்குள் மடித்துக் கிடக்கின்றன.

‘அக்கா, வெங்காயம் அடக்கம் என்னா வருது?’ என்று கேட்டால் மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்து ‘மூன்றரை வெள்ளி தம்பி’ என்பார். ஆனால் 4.50 கொடுத்து வாங்கியது நாலே கிலோ, அதற்குப் போய் மூட்டைக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுக்கலாமா? சரியான கணக்கு இது: 32 + 18 + 70 = 120 வெள்ளி. 10 + 4 + 25 = 39 கிலோ. 120ஐ 39ஆல் வகுத்தால் 3.08 வெள்ளி. கிலோவுக்கு 42 சென் வித்தியாசம், அந்த வாரத்து வெங்காயத்துக்கு மட்டும் 16 வெள்ளிக்கு மேல். சாப்பாட்டு விலையை இந்த அடக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

கால்குலேட்டர் கையில் இல்லையென்றால் ஒரு குறுக்குவழி. இருப்பதிலேயே குறைந்த விலையான 2.80ஐத் தளமாக வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். 10 கிலோவுக்கு 40 சென் கூடுதல், அது 4 வெள்ளி. 4 கிலோவுக்கு 1.70 கூடுதல், 6.80. மூட்டைக்குக் கூடுதல் இல்லை. ஆக 10.80, அதை 39 கிலோவுக்குப் பங்கிட்டால் ஏறக்குறைய 28 சென். 2.80ஓடு 28 சென் சேர்த்தால் 3.08. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், எண்கள் சின்னதாக இருப்பதால் மனக்கணக்காகவே போடலாம்.

இங்கே எடை கிலோ என்பது பார்த்ததுமே தெரிகிறது. தெரியாத இடத்தில் என்ன செய்வது? நான் பயன்படுத்தும் சோதனை இது: மதிப்பை ‘இத்தனைக்கு இவ்வளவு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ‘க்கு’ எதோடு ஒட்டுகிறதோ அதுதான் எடை. கிலோவுக்கு 3.20 வெள்ளி என்றால் கிலோ. கிராமுக்கு இவ்வளவு என்று நகை வாங்கியிருந்தால் கிராம். கிரெடிட்டுக்கு 3.67 பாயிண்டு என்றால் கிரெடிட். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் எடை லிட்டர், ஓடிய கிலோமீட்டர் இல்லை.

இந்தச் சோதனை உண்மையிலேயே கைகொடுப்பது வேகக் கணக்கில்தான். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். போகும்போது நெடுஞ்சாலை காலி, சராசரியாக மணிக்கு 100. தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பி வரும்போது ஈப்போவிலிருந்தே நெரிசல், மணிக்கு 50தான். மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? போக 350, வர 350, இரண்டு பக்கமும் ஒரே தூரம், ஆகவே 75 என்று பத்துக்கு எட்டுப் பேர் சொல்வார்கள். ‘மணிக்கு’ 100 என்பதில் ‘க்கு’ மணியோடு ஒட்டியிருக்கிறது, எனவே எடை தூரம் இல்லை, நேரம். போக மூன்றரை மணி, வர ஏழு மணி. (100 × 3.5) + (50 × 7) = 700, அதைப் பத்தரையால் வகுத்தால் 66.7. மெதுவாகப் போன நேரம் இரண்டு மடங்கு என்பதால் மெதுவான வேகத்துக்குத்தான் கனம் அதிகம். கூகல் மேப்ஸ் காட்டும் நேரம் நம் மனக்கணக்கை விட எப்போதும் கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சராசரிகளைச் சராசரி எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை. ஒரு டியூஷன் மையத்துக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் 30 பேர் கொண்ட வகுப்பு, சராசரி 62. செந்தூலில் 10 பேர், சராசரி 78. மொத்தச் சராசரி 70 என்று விளம்பரம் போட்டால் அது 4 புள்ளி பொய். 1,860 + 780 = 2,640, நாற்பது பேருக்குப் பங்கிட்டால் 66. பெற்றோர்கள் இந்த இடத்தில் ‘எத்தனை பேர்?’ என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

பங்குச் சந்தைச் செய்தியில் வரும் கே.எல்.சி.ஐ. குறியீடும் இந்த வகைதான். அதில் 30 நிறுவனங்கள், ஆனால் சந்தை மதிப்பு பெரிதாக உள்ளதற்குக் கனம் அதிகம். மேபேங்க் மாதிரி பெரிய வங்கிகள் ஏறினால், பட்டியலில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தாலும் குறியீடு பச்சையில் முடியலாம்.

எடை விழுக்காடாக வந்தால்

கிலோவும் மணியும் நாம் அளந்து பார்ப்பவை. இன்னொரு வகை எடை யாரோ உட்கார்ந்து முடிவு செய்தது: வகுப்புப் பணி 30, புதிர்ப்போட்டி 10, இடைத் தேர்வு 20, இறுதித் தேர்வு 40 என்று. இதற்கு ‘க்கு’ சோதனை உதவாது, தவணையின் முதல் வாரத்தில் விரிவுரையாளர் கொடுக்கும் பாடத் திட்டத் தாளைத்தான் பார்க்க வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெருக்கும் முன் எல்லா மதிப்பெண்ணையும் நூற்றுக்கு மாற்றுங்கள். புதிர்ப்போட்டியில் 20க்கு 16 என்றால் 80. வகுப்புப் பணியில் 72, இடைத் தேர்வில் 55 என்று வைத்துக்கொண்டால்:

80 × 0.10 = 8.0
72 × 0.30 = 21.6
55 × 0.20 = 11.0

கூட்டினால் 40.6. ‘ஐயோ, நாற்பதுதானா?’ என்று பதற வேண்டாம், இதுவரை நடந்தது 60 விழுக்காடுதான். உங்கள் இப்போதைய நிலை தெரிய வேண்டுமென்றால் 40.6ஐ 0.60ஆல் வகுக்க வேண்டும், 67.7 வரும். எடைகள் கூடி 1 ஆகும்போது வகுக்கும் வேலையே இல்லை, 1ஆல் வகுத்தாலும் அதேதான். 1 ஆகாதபோது வகுக்க மறக்கக்கூடாது.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் பயன். மொத்தம் 70 வேண்டுமா? 70 − 40.6 = 29.4, இறுதித் தேர்வின் 0.40ஆல் வகுத்தால் 73.5 எடுக்க வேண்டும். 75 வேண்டுமென்றால் 86. 80 வேண்டுமென்றால் 98.5. மூன்று பாடத்துக்கு இப்படிப் போட்டுப் பார்த்தால், படிப்பு விடுப்பில் எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் கொடுப்பது என்பது தானாகத் தெரியும். 98.5க்காக ராத்திரி எல்லாம் விழித்திருப்பதை விட, ஐந்தாறு மதிப்பெண் கூடினால் அடுத்த கிரேடுக்கு ஏறிவிடக்கூடிய பாடத்தைப் பிடிப்பது புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. என்ற மாணவர் சேர்க்கைப் பிரிவு வழி மனுச் செய்பவர்களின் மெரிட் புள்ளியும் இதே முறைதான்: கல்வித் தேர்ச்சிக்கு 90, புறப்பாடத்துக்கு 10. எஸ்.டி.பி.எம்.மில் 3.50 எடுத்த ஒருவருக்கு 3.50 ÷ 4.00 × 90 = 78.75. புறப்பாடத்தில் 8 என்றால் மொத்தம் 86.75. இதிலிருந்து ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள்: புறப்பாடத்தில் ஒரு புள்ளி கூடுவது, தேர்வுப் பாயிண்டில் 0.044 கூடுவதற்குச் சமம். ஆகவே 3.45 எடுத்து 10 புள்ளி வைத்திருப்பவர் 87.63, 3.50 எடுத்தவரைத் தாண்டிவிடுவார். ‘பாடம் முக்கியம், சாரணர் எல்லாம் எதுக்கு’ என்று பிள்ளையை நிறுத்தும் அப்பாக்கள் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்கலாம். அதற்காக முழுநேரமும் முகாமில் இருக்கச் சொல்லவில்லை, 90 என்பது 90தான்.

வருமான வரி

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு பயம் உண்டு: சம்பளம் கூடினால் 11 விழுக்காட்டுப் படிக்குப் போய்விடுவேன், கூடியதை விட வரி அதிகமாகிவிடும். அப்படி ஆகாது. ஒவ்வொரு படியின் விழுக்காடும் அந்தப் படிக்குள் விழும் பணத்துக்கு மட்டும்தான், ஆகவே நீங்கள் உண்மையில் கட்டுவது படிகளின் எடையிட்ட சராசரி. 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள படிகளை வைத்து, கழிவுகள் எல்லாம் போக வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உள்ள ஒருவருக்குப் போட்டால்:

முதல் 5,000: 0 விழுக்காடு, வரி இல்லை
அடுத்த 15,000: 1 விழுக்காடு, 150
அடுத்த 15,000: 3 விழுக்காடு, 450
அடுத்த 15,000: 6 விழுக்காடு, 900
மிச்சம் 10,000: 11 விழுக்காடு, 1,100

மொத்தம் 2,600 வெள்ளி. 60,000ஆல் வகுத்தால் 4.33 விழுக்காடு. இருக்கும் படிகளைச் சும்மா கூட்டி ஐந்தால் வகுத்தால் 4.2 வரும், கிட்டத்தட்ட அதே மாதிரி தெரிந்தாலும் அது தற்செயல்தான். வருமானம் 51,000 என்றால் இதே ஐந்து படிதான், சும்மா போட்ட சராசரி அதே 4.2தான், ஆனால் உண்மையான வரி 1,610 வெள்ளி, விழுக்காடு 3.16.

எக்செல்லில் போடுவதானால்

மதிப்பு ஒரு நெடுவரிசை, எடை ஒரு நெடுவரிசை. கூகல் ஷீட்ஸில் ‘ஆவரேஜ்.வெயிட்டட்’ என்றே ஒரு சூத்திரம் இருக்கிறது, இரண்டு நெடுவரிசையையும் காட்டினால் விடை வந்துவிடும். எக்செல்லில் அந்தப் பெயரில் கிடையாது. ‘சம்ப்ராடக்ட்’ சூத்திரம் இரண்டு நெடுவரிசையையும் பெருக்கிக் கூட்டித் தரும், அதை எடை நெடுவரிசையின் ‘சம்’மால் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நெடுவரிசையும் ஒரே வரிசையில் தொடங்கி ஒரே வரிசையில் முடிய வேண்டும், நீளம் மாறினால் பிழை காட்டும்.

பிழை காட்டாமலேயே ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. இன்னும் வராத மதிப்பெண்ணுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டால் ‘சம்ப்ராடக்ட்’ அதைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும், எடையோ கீழே முழுசாகச் சேர்ந்துவிடும். மேலே போட்ட 40.6 கணக்கில் இறுதித் தேர்வின் 40 விழுக்காட்டையும் எழுதிவைத்திருந்தால் சராசரி 67.7க்குப் பதிலாக 40.6 என்றே காட்டும். அதனால் தேர்வு எழுதி மதிப்பெண் வரும்வரை அதன் எடைக் கட்டத்தையும் காலியாகவே வைத்திருங்கள்.